படிக்காத பத்துப் பக்கங்கள்

“விடிஞ்சும் விடியாம மடியில பேப்பரைப் பரப்பிக்கிட்டாச்சு! பாத்திரம் அப்படியே கிடக்கு… கேக்க ஆளில்ல!”

மாமியார் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். மருமகள் மடியிலிருந்த புது நாவலின் தாளைப் புரட்டினாள். போன வாரம் அவள் படித்துக்கொண்டிருந்த இன்னொரு நாவலின் தாள்கட்டைப் பிடுங்கிப் பரணில் போட்டவரும் இவர்தான்.

என்னவென்று சொல்வாள்? பதிப்பகத்துக்கு வரும் நாவல்களைப் படித்துக் கருத்து எழுதுவது அவள் கணவனின் வேலை. ஒரு காலத்தில் சோறு தண்ணீர் மறந்து படித்தவன்தான். இப்போதோ இரண்டாம் பக்கம் தாண்டுவதற்குள் விரல் போனைத் தேடும். ஒரு வீடியோ, அது முடிந்தால் இன்னொன்று… படித்த வரி மனதில் தங்குவதே இல்லை என்று ஒருநாள் அவளிடம் அழுதான். அன்றிலிருந்து அவள் படித்தாள். அவன் ஷேவ் செய்யும்போது பக்கத்தில் நின்று கதையைச் சொன்னாள். வெளியே தெரிந்தால் அவன் மானம் போய்விடுமே என்று சோம்பேறிப் பட்டத்தையும் சுமந்தாள், பைத்தியக்காரி!

அவன் போன் அடித்தது. பரணில் கிடந்த நாவலை எழுதிய நர்ஸ்.

“என் கதையில வீட்டை விட்டுப் போன அம்மா என்ன ஆனாங்கன்னே தெரியல, முடிவில்லாத கதைன்னு எழுதிட்டீங்களாமே சார்… கடைசி அத்தியாயத்துல எல்லாம் இருக்கே! படிச்சீங்களா?”

அவனுக்கு முகம் வெளுத்தது. ‘இன்னும் பத்துப் பக்கம் பாக்கி, பரண்லேர்ந்து எடுத்து நீங்களே படிச்சிடுங்க’ என்று அவள் சொன்னபோது, போனைப் பார்த்தபடி ‘உம்’ கொட்டியவன் அவன்.

“அது வந்து… என் மனைவி அந்தப் பக்கங்களைத் தொலைச்சிட்டா…”

“பாவி! என் புள்ள சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாளே!” என்று பாய்ந்தார் மாமியார்.

அவள் கணவனையே பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன.

“சோம்பேறின்னு சொன்னப்ப பொறுத்துக்கிட்டேன்… ஆனா நான் ஒரு தாளைக்கூடத் தொலைக்கலீங்க!”

அவன் உடைந்துபோனான்.

“அவ தொலைக்கலம்மா… என்னாலதான் படிக்க முடியல! இத்தனை நாளா என் வேலையையும் அவதான் பாத்தா!” போனில் இன்னும் அந்த நர்ஸ் இருந்தார். “மன்னிச்சிடுங்கம்மா, பொய் சொன்னேன். பதிப்பகத்துலயும் நானே உண்மையைச் சொல்லிடறேன். வேலை போனாப் போகட்டும்.”

மாமியார் பரணடியில் ஸ்டூல் போட்டு ஏறினார். தாள்கட்டை எடுத்துத் தூசி தட்டி மருமகள் மடியில் வைத்தார். பிறகு தானே பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

“கடைசில அந்த அம்மா திரும்பி வராளா?” என்று மெல்லக் கேட்டான் அவன்.

“எனக்கெப்படித் தெரியும்? நீங்க படிங்க… நான் கேக்கறேன்.”

படித்தான். நாலாவது வரியில் தொலைந்துபோனான். மறுபடி முதலிலிருந்து வந்தான், மறுபடியும் தொலைந்தான். எப்படிப் படித்த மனுஷன்! மூடி மறைத்து மூடி மறைத்தே அவனை இந்த நிலைக்கு விட்டுவிட்டோமே என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது. அவன் தாளைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்தான்.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

“ஏண்டா நிறுத்திட்ட?” மாமியார் ஈரக்கையோடு எட்டிப் பார்த்தார். “அவ வந்தாளா, இல்லையா… படிடா!”