போடிமெட்டும் நீர்மூழ்கிக் கப்பலும்

நஜ்லா ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

போடிமெட்டு மலைக்கு மேலே அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஓர் ஏலத்தோட்டம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போனபோது, தோட்டத்து வீடுகளில் இருக்கும் பிள்ளைகளிடம் அவள் கொஞ்சம் பெருமையடித்தாள்.

"எங்க பைரோஸ் மாமா கடலுக்கு அடியில முங்கி, யுத்தத்துல மூழ்கிப்போன கப்பலையெல்லாம் படம் எடுப்பாரு. நீர்மூழ்கிக் கப்பலக்கூட எடுத்திருக்காரு!"

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பொன்னுமணி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சும்மா அளக்காத. போன தடவ முயக்குட்டி கொண்டாறேன்னு சொன்னே. கொண்டாந்தியா?"

முயல் பேச்சை நஜ்லா அமுக்கப் பார்த்தாள். அதனால் இன்னும் சத்தமாகச் சொன்னாள். "வர்ற ஞாயித்துக்கெழம மாமாவையே இங்க கூட்டிட்டு வர்றேன். படம் போட்டுக் காட்டுவாரு. வராட்டி என்னையப் புளுகுணின்னு கூப்பிடு!"

"கூப்பிடுவேன்" என்றாள் பொன்னுமணி. அவள் சொன்னால் செய்கிறவள்.

நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மாமா போடியில் இருக்கும் நஜ்லாவின் வீட்டுக்கு வந்துவிட்டார். காலை ஏழு மணிவரை தூத்துக்குடிப் பக்கம் கடலில் முங்கியிருந்தாராம். தலைமுடியில் உப்புகூடப் போகவில்லை. அப்படியே காரில் ஏறி வந்திருந்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் மதுரையில விமானம் ஏறணும். அடுத்த வேலை விசாகப்பட்டினத்துல" என்றார், பிரியாணியைப் பிசைந்துகொண்டே.

"இன்னைக்கே ஏறுனா என்ன மாமா?"

மாமா சாப்பாட்டுக்கு வாங்கிய பன்னீர் சோடாவை எடுத்து மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று நுரை பொங்கியது.

"ஆழத்துல முங்குனா, நாம சுவாசிக்கிற காத்து ஒடம்புக்குள்ள கரைஞ்சிரும், சோடாவுல கேஸ் கரைஞ்ச மாதிரி. அது மெதுவாத்தான் வெளிய போகும். விமானம் மேல போகப் போக, சுத்தியிருக்கிற காத்தோட அழுத்தம் கொறையும். மூடியத் தொறந்த கதையாயிரும். மூட்டு வலிக்கும், கை கால் மரத்துப்போகும், ஆளே விழுந்தாலும் விழுவான். அதனால முங்கினா ஒரு நாள் முழுக்க விமானம் பக்கமே போகமாட்டோம்."

"ஆத்தாடி!" என்றாள் நஜ்லா. மாமா அந்தச் சோடாவை ஒரே மூச்சில் குடித்து, பெரிய ஏப்பம் விட்டார்.

இரண்டு மணிக்குத் தோட்டத்து ஜீப்பு வந்தது. ஓட்டுநர் ராக்கையா பின்னால் அரிசி மூட்டைகளை ஏற்றியிருந்தார். நஜ்லா கேட்டுக்கொண்டபடி, மாமா படம் காட்டும் பெட்டியோடு முன்னால் உட்கார்ந்தார். நஜ்லா நடுவில் ஏறிக்கொண்டாள். பொன்னுமணியின் முகம் எப்படி மாறப்போகிறது என்று நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

ராக்கையா ஒரு புளிப்பு மிட்டாயை நீட்டினார். "வாயில போட்டுக்க பாப்பா. வளைவு ஏற ஏறக் காது அடைக்கும்ல."

நஜ்லா மிட்டாயைச் சப்பினாள். முந்தல் நெருங்கியது. அங்கிருந்துதான் மலைப்பாதை தொடங்கும்.

சப்புவது நின்றுபோனது.

மெட்டு ஏறினால் காது ஏன் அடைக்கிறது? மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால்தானே! பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னாரே. அப்படியானால் இந்த ஜீப்பும்...

அவள் சட்டெனத் திரும்பினாள். மாமாவைப் பார்த்தாள். அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். வாயைத் திறந்தால் மாமா வரமாட்டார். பொன்னுமணி காலத்துக்கும் புளுகுணி என்பாள். ஒருவேளை ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். பேசாமல் இருந்துவிடலாமா?

மாமா விழுந்தாலும் விழுவாரே!

"ராக்கையாண்ணே, நிறுத்துங்க!"

ஜீப்பு கிரீச்சென்று நின்றது. "வாந்தியா பாப்பா?" என்று பதறினார் ராக்கையா.

"இல்லண்ணே. மாமா மெட்டுக்கு ஏறக்கூடாது. காலையிலதான முங்கியிருக்காரு! மலையும் ஒசரம்தான!"

மாமா கடகடவென்று சிரித்தார். "அடி கழுத! நான் இந்த மலையில பொறந்து வளந்தவன். தோட்டத்துக்குப் போறதெல்லாம் ஒரு..."

சொல்லும்போதே சிரிப்பு நின்றது. மணிக்கட்டில் இருந்த பெரிய கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் சின்ன விமானப் படம் மின்னிக்கொண்டிருந்தது. இன்னும் விமானம் ஏறக்கூடாது என்று அர்த்தம்.

"யா அல்லாஹ்!" என்றார் மெதுவாக. "மெட்டு நாலாயிரம் அடிக்கு மேலாச்சே! அடுத்தவங்களுக்கெல்லாம் பாடம் எடுக்குறேன். எங்க ஊரு மலையின்னதும் அது மலையாவே தெரியல எனக்கு."

"விமானப் படம் போட்டவன் பக்கத்துலயே ஒரு ஜீப்புப் படமும் போட்டிருக்கலாம் தம்பி" என்றார் ராக்கையா.

மாமா நஜ்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை சொன்னே தங்கம். ஆனா அந்தப் பிள்ளைக காத்திருக்குமே. அடுத்த வருசம்தான் நான் வரமுடியும்."

நஜ்லாவுக்குக் கண் கலங்கியது. எதிரே மலையிலிருந்து காலி ஜீப்பு ஒன்று குலுங்கிக்கொண்டு இறங்கியது. அதைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, அரிசிய எறக்கிட்டு நீங்க எப்படி வருவீங்க?"

"காலி வண்டியாத்தான்."

"அப்ப அவங்கள ஏத்திட்டு வாங்க! மாமாதான் ஏறக்கூடாது. அவங்க எறங்கலாம்ல?"

"அட, ஆமா!" என்று தொடையில் தட்டினார் ராக்கையா.

மாமா கைப்பேசியில் நஜ்லாவின் அத்தாவிடம் பேசினார். அத்தா தோட்டத்துக்குப் பேசினார். பிள்ளைகளைப் பத்திரமாகக் கூட்டிவருவதாகப் பொன்னுமணியின் அம்மா ஒச்சம்மாள் ஒப்புக்கொண்டார். நஜ்லாவும் மாமாவும் ஓர் ஆட்டோ பிடித்து ஊருக்குத் திரும்பினார்கள்.

நாலரை மணிக்கு ஜீப்பு அத்தாவின் ஏலக்காய்க் கிடங்கு வாசலில் வந்து நின்றது. எண்ணெய் வைத்துத் தலைசீவிய பதினொரு பிள்ளைகள் பொலபொலவென்று இறங்கினார்கள்.

கிடங்குக் கதவைச் சாத்தியதும் உள்ளே நல்ல இருட்டு. சுவரில் வெள்ளைப் போர்வை கட்டியிருந்தது. மூட்டைகள்மேல் எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். ஏலக்காய் வாசத்துக்கு நடுவே, போர்வை முழுக்க நீலக்கடல் விரிந்தது. பாசி படிந்த நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மணலில் சாய்ந்து கிடந்தது. அதன் கோபுரத்தைச் சுற்றி மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரிந்தன.

"உள்ள இருந்தவங்க வெளிய வந்துட்டாங்களா?" என்று கேட்டாள் பொன்னுமணி.

"கொஞ்சப் பேரு வந்தாங்க. வராதவங்க உள்ளதான் இருக்காங்க. அதனால நாங்க எதையும் தொடமாட்டோம். வெளியவே நின்னு பாத்துட்டு, ஒரு சலாம் வச்சிட்டுத் திரும்பிருவோம்."

பொன்னுமணி எழுந்து, போர்வையில் தெரிந்த கப்பலுக்கு ஒரு சலாம் வைத்தாள். மற்ற பிள்ளைகளும் வைத்தார்கள்.

வெயில் தாழ்வதற்குள் ஜீப்பு மறுபடி கிளம்பியது. பொன்னுமணி தலையை வெளியே நீட்டினாள்.

"ஏய் நஜ்லா! ராக்கையாண்ணே எல்லாஞ் சொன்னாரு. நான் உன்னையப் புளுகுணின்னு கூப்பிட்டிருந்தாக்கூட மாமாவ ஏறவேணாம்னு சொல்லியிருப்பியா?"

"ஆமா. மாமால்ல!"

பொன்னுமணி தலையை ஆட்டினாள். "அப்ப முயக்குட்டி மெதுவாவே வரட்டும், போ" என்றாள்.

ஜீப்பு மலையைப் பார்த்துப் போய் மறையும்வரை, நஜ்லாவின் பக்கத்தில் நின்று மாமாவும் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.