இருநூற்றெண்பது மில்லிமீற்றர்

மேசையில் நிறுத்தியிருந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தடியின் உயரம் முந்நூறு மில்லிமீற்றர். துளை போக வேண்டியது இருநூற்றெண்பது. திரையில் ஓடிக்கொண்டிருந்த ஆழமோ முந்நூற்று நான்கு.

சின்னராசா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டினார். முந்நூற்றுப் பத்து. இயந்திரத்தின் கதவுக்குப் பின்னால் ட்ரில் தன்பாட்டுக்கு இறங்கியது, ஏறியது, சூடு தணிக்கும் கூலண்ட் தண்ணீரைப் பால்போலக் கக்கியது. தடிக்கு அடியில் இருந்த இரும்பு மேசையில் ஒரு கீறல்கூட இல்லை.

டிக்கோயாவில் அன்று இரண்டு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. எப்படிப்பட்ட பனி என்கிறீர்கள்! வெட்டித் தட்டில் வைத்தால் சம்பலோடு தின்றுவிடலாம். எதிர்த்த தேயிலை மலையை முழுசாக விழுங்கிவிட்டுப் பட்டறை வாசல்வரை வந்து, அடுத்தது யார் என்று எட்டிப் பார்த்தது.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி மெசின்ல மூஞ்சிய ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?" பழைய கடைசல் இயந்திரத்தில் நின்ற அழகன் கேட்டான்.

"கணக்கு பிசகுதுடா. திரை கோளாறு போல."

"பிரேமினி இருந்தா மெசின் தகரத்துல கைய வச்சே சொல்லியிருக்கும், எத்தன மில்லி போயிருக்குன்னு." அழகன் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். "நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாரேன். நாலு மணிக்கு விபத்த விசாரிக்கத் தொழில் கந்தோர் ஐயா வாராராம். பேனாவுல மை இருக்கான்னு பாத்துக்கங்க, சுப்பவைசரே."

போகிற போக்கில் முள்ளைக் குத்திவிட்டுப் போனான்.

பிரேமினி அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. அந்த இயந்திரத்துக்கு என்ன பசி, எங்கே வலி என்று அவளுக்குத்தான் தெரியும். தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு வெப்பமானி செருகும் உறைகள் செய்யும்போது, இரண்டு மில்லிமீற்றர் துளைத்ததும் ட்ரில் வெளியே வந்து மூச்சு வாங்க வேண்டும் என்பாள். "இந்த ஸ்டீலு அடம்புடிக்கிற சாதிண்ணே. அவசரப்பட்டா வெட்டுற சுருளு உடையாது, நாடா மாதிரி நீளமா வந்து ட்ரில்லுல சுத்திக்கும்."

"படிப்பு கூடிப்போச்சு தங்கச்சிக்கு" என்று சிரித்துவிட்டு, திரையில் இரண்டை ஆறாக்கியவர் சின்னராசா. நாடா நாடாவாகத்தான் வந்தது. கதவைத் திறந்தால் இயந்திரம் நின்றுவிடும், நேரம் போகும். ஆகவே கதவுச் சுவிட்சைச் சிவப்புக் கம்பியால் கட்டி ஏமாற்றியவரும் அவரே. "கொக்கி தேடிக்கிட்டு நிக்காத, சுருள கையால இழு!" என்று கத்தியவரும் அவரே. சுருள் பிரேமினியின் கையில் சுற்றியது. மீதியை அவர் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிரேமினி செத்தது எப்படி என்று கேட்டவர்களிடம், சுவிட்சைக் கட்டியது அந்தப் பிள்ளைதான் என்றார். இன்று நாலு மணிக்கு அந்த வாக்குமூலத்தின்கீழ் கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்தது. காலையில் அவள் தாய் நாகலெட்சுமி பட்டறை வாசலில் நின்று, "ஐயா, எம்புள்ளயா கட்டுனுச்சு? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். சின்னராசா அவள் காலடியைப் பார்த்துக்கொண்டே, "ஆமா" என்றார்.

முந்நூற்றைம்பது.

ட்ரில் மேலே ஏறியதும் இயந்திரத்தை நிறுத்தினார். கதவைத் தள்ளித் தலையை உள்ளே விட்டார். எண்ணெயும் சூடான இரும்பும் மணக்க வேண்டிய இடத்தில் வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் மணத்தது. அது யாருடைய தலையில் மணக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரியாததுபோல மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

துளை விரல் பருமன். டோர்ச் அடித்தார். வெளிச்சம் போனது; போய்க்கொண்டே இருந்தது.

ஆழத்தை அளக்க ஏதாவது வேண்டுமே என்று மேசை லாச்சியைத் துழாவியபோது கையில் அகப்பட்டது அந்தச் சிவப்புக் கம்பிச் சுருள். சுவிட்சில் கட்டிய துண்டோடு இதன் வெட்டிய நுனி பொருந்திவிடும் என்று பயந்து ஒளித்து வைத்திருந்தார். நேரம் மூன்று ஐம்பது. போகட்டும். நுனியைத் துளைக்குள் விட்டார்.

ஒரு சாண் போனது. ஒரு முழம் போனது. தடியின் உயரமே ஒரு சாணும் கொஞ்சமும்தான். கம்பி போனது. மூன்று முழம். ஐந்து முழம். அனுமார் வாலைக்கூட உள்ளே சுருட்டி வைத்துவிடலாம். வழுக்காமலிருக்கக் கம்பியை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தார்.

சுற்றிய பிறகுதான் நினைவு வந்தது, அந்தத் தொழிலில் எதையும் கையில் சுற்றக் கூடாதென்று.

கீழிருந்து கம்பி ஒருமுறை சுண்டியது. தூண்டிலில் மீன் சுண்டுவதுபோல.

பிறகு இழுத்தது.

உள்ளங்கை தடியின் தலையில் அறைந்து ஒட்டியது. ஆள்காட்டி விரல் மடங்கித் துளைக்குள் போனது. உள்ளே ஈரம். குளிர். அந்த விரலை இன்னொரு விரல் மெல்லக் கொக்கிபோட்டுப் பிடித்தது.

"அழகா!"

பனிதான் கேட்டது.

பயப்படாதே, கதவு திறந்திருக்கிறது, கதவு திறந்திருந்தால் மெசின் ஓடாது. அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவிட்சைப் பார்த்தார்.

சுவிட்சில் சிவப்புக் கம்பி. ஈரமாக, எண்ணெய் சொட்டச் சொட்ட. இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, நுனியை உள்ளே செருகிய முடிச்சு. உலகத்தில் வேறு யாரும் அப்படி முடிச்சுப் போடுவதில்லை. அது அவருடைய முடிச்சு.

திரையில் எண்கள் தாமாக மாறின. ஆறு அழிந்தது. இரண்டு வந்தது. மொத்த ஆழம் இருநூற்றெண்பது. மீதி நூற்று நாற்பது முறை.

"நான்தான் கட்டினேன்! பிரேமினி, நான்தாம்மா! வாரவர்கிட்ட சொல்லிர்றேன்!"

வாசலில் வாகனம் வந்து நின்றது. கதவு திறந்து சாத்தும் சத்தம். யாரோ செருமினார்கள்.

மேலே ட்ரில் சுழலத் தொடங்கியது. அவசரமில்லை. புறங்கையைத் தொட்டது. இரண்டு மில்லிமீற்றர் இறங்கியது. ஏறியது. கூலண்ட் தண்ணீர் வழிந்து, வெள்ளை சிவப்பானது. ட்ரில் மேலே நின்று மூச்சு வாங்கியது.

இயந்திரத்தின் தகரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஓரிடம் மட்டும் ஆவி படிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக.

மீதி நூற்று முப்பத்தொன்பது.