பத்தொன்பது மீட்டர்

டீசல் கிடங்கின் பின்பக்கச் சந்தில் அவன் வண்டியை நிறுத்தியபோது மாலை ஆறு ஆகப்போகிற நேரம். நகராட்சியில் பாதுகாப்பு ஆய்வாளன். எந்நேரமும் அளவு நாடாவோடு திரிவதால் அலுவலகத்தில் அவனுக்கு டேப்பு என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் அளக்கத்தான் வந்திருந்தான். போன வருஷம் அவனே அளந்த இடம்தான். அப்போது இந்தச் சந்தில் பதினோரு வீடுகள் இருந்தன.

இப்போது சுவர்கள் மட்டும் நின்றன. கூரைகள் இல்லை. மழையில் ஊறிய சாம்பலும் டீசலும் கலந்த வாடை, மூக்கைப் பொத்தினாலும் தொண்டைக்குள் இறங்கியது. மூன்றாவது வீட்டு வாசற்படிக்கு முன்னால் போய் நின்றான். அவனுடைய அக்கா வீடு. எட்டு மாதமாக இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன், இன்று வேறு வழியில்லாமல் வந்திருந்தான்.

சட்டப்படி எரிபொருள் தொட்டிக்கும் வீட்டுக்கும் நடுவே குறைந்தது ஐம்பது மீட்டர் இருக்க வேண்டும். ஆனால் எது வீடு என்பதில் அவன் அலுவலகத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கதவு எண் கொடுத்திருந்தால்தான் அது வீடு. இந்த வரிசையின் கதவு எண்கள் வரிப் பிரிவில் ஏதோ ஒரு கோப்புக்குள் நான்கு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

போன வருஷம் அளக்க வந்த அன்று உதவியாள் லீவு. அக்காதான் நாடாவின் நுனி வளையத்தைத் தன் வாசற்படியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் தொட்டிவரை நடந்தான். அக்கா மகள், ஆறு வயது, வீட்டில் கூப்பிடுவது வாலு என்று. அவளும் கூடவே ஓடிவந்து, பள்ளிக்கூடத்தில் புதிதாகப் படித்த எண்களை நாடாவில் தேடித்தேடி வாசித்தாள்.

“பத்தொன்பது, மாமா.”

பத்தொன்பதுதான். அவன் அதை எழுதவில்லை.

“உங்க வரிசைக்கு இன்னும் நம்பர் வரலக்கா. கணக்குல எடுக்க முடியாது. அடுத்த தெருவுல முதல் வீடு வரைக்கும்தான் அளக்கணும்.”

“அப்ப நாங்க இங்க குடியிருக்கறது குடியிருக்கறதில்லையா? நல்லா இருக்குடா உங்க ஆபீசு,” என்று சிரித்துவிட்டு அக்கா தானே எழுந்து, வளையத்தோடு அடுத்த தெருவரை நடந்தாள். அறுபத்திரண்டு மீட்டர் வந்தது. அவன் கிளம்பும்போது தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“பயம் ஒண்ணும் இல்லியேடா?”

“நான் அளந்திருக்கேன்ல? நீ நிம்மதியா இரு.”

அந்த அறுபத்திரண்டை வைத்துத்தான் கிடங்குக்கு உரிமம் கிடைத்தது. நான்கு மாதம் கழித்து ஒரு முற்பகலில் நடுத்தொட்டி வெடித்தது. அந்நேரம் அந்தப் பதினோரு வீடுகளிலும் இருந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. வாலுவுக்கு அன்று காய்ச்சல், பள்ளிக்கூடம் போகவில்லை. அக்காவின் கணவர் வேலைக்குப் போயிருந்ததால் பிழைத்தார். பிழைத்தவர் இவன் முகத்தில் விழிப்பதில்லை. இவனும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

மீதி இரண்டு தொட்டிகளை நிரப்ப இப்போது மறுபடியும் உரிமம் கேட்கிறார்கள். நகராட்சித் தலைவி இவனைக் கூப்பிட்டு, “அடுத்த தெருவுல நூத்தம்பது வீடு இருக்கு. எனக்குத் தூக்கமே வரல. ஆனா அறுபத்திரண்டுன்னு ரிப்போர்ட் இருந்தா என்னால மறுக்க முடியாது, கோர்ட்டுக்குப் போயிடுவாங்க. மறுபடி அளந்து உள்ளதை எழுதிக் கொடுங்க,” என்றார். வெளியே வந்ததும் நகராட்சிப் பொறியாளர் இவன் தோளில் கைபோட்டார். “பழைய நம்பரையே போட்டுடு. மாத்தினா அன்னிக்கு எழுதினது யாருன்னு தோண்டுவாங்க. வேலை போறதோட முடியாது, கம்பி எண்ணணும். இப்பத்தான் அங்க வீடே இல்லியேப்பா.”

அதனால்தான் இவன் தனியாக வந்தான். அளந்த மாதிரி பேர் பண்ணிவிட்டு, அறுபத்திரண்டு என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். அக்கா திரும்பி வரப்போவதில்லை. தான் உள்ளே போனால் மட்டும் யாருக்கு என்ன லாபம்?

வளையத்தை அக்கா வீட்டுப் படியில் வைத்து, மேலே ஒரு செங்கல்லை வைத்தான். நாடாவை விட்டுக்கொண்டே தொட்டிப் பக்கம் நடந்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. காற்றில் நாடா தொய்ந்து, தரையில் உரசி, சரசரவென்றது.

தொட்டியை எட்டியதும் குறிப்பேட்டைத் திறந்தான். ஆறு என்ற எண்ணை எழுதினான்.

நாடா விறைத்தது.

திரும்பிப் பார்த்தான். தரையில் கிடந்த நாடா முழங்கால் உயரத்துக்கு எழும்பி, ஒரு கோடுபோல நேராக நின்றது. படியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பிடித்தால் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரம்.

படியில் யாரும் இல்லை.

இழுத்துப் பார்த்தான். வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து, வலிக்காமல், பதமாக யாரோ இழுத்துப் பிடித்தார்கள். அந்தப் பிடி அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் அவன் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்த பிடி. ஓட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

“அக்கா,” என்றான்.

டீசல் வாடை போய்விட்டது. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் போடும் ஈரத்துணியின் வாசனை வந்தது.

அவன் முழங்கைக்குப் பக்கத்தில், நாடாவை ஒட்டி, சூடான மூச்சு.

“பத்தொன்பது, மாமா.”

நாடாவை அவன் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். எழுதிய ஆறை அடித்தான். பத்தொன்பது என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினான். பதினோரு வீடுகளையும் ஒவ்வொன்றாக எழுதினான். ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருந்தார்கள் என்று தெரிந்தவரை எழுதினான். கடைசியில், ‘சென்ற ஆண்டும் இதே அளவுதான் வந்தது, நான்தான் எழுதவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கண்ணீர் பட்டு மை கலைந்தது. அதன்மேலேயே மறுபடி எழுதினான்.

நாடா தளர்ந்து கீழே விழுந்தது.

படிக்குப் போய்ப் பார்த்தபோது செங்கல் ஓரமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டு, இருட்டும்வரை அழுதான். “என்னை நம்பித்தானே இருந்தே,” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

மறுநாள் காலையில் தலைவி அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

“இதுல உங்க தலையே போகுதே.”

“தெரியும் மேடம்.”

உரிமத்தை மறுக்கும் முன் சுற்றுவட்டாரத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அடுத்த நாள் பத்து மணிக்குக் கூட்டம் என்று முடிவாயிற்று. அடுத்த தெருவுக்கும் அறிக்கையில் உள்ள பதினோரு வீடுகளுக்கும் நோட்டீஸ் அடிக்கச் சொல்லி எழுத்தர் மேசைக்குத் தாள் போனது. எழுத்தர் இருப்பதை இருக்கிறபடி அடிப்பவர். எரிந்த வீடா, இருக்கிற வீடா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

நோட்டீஸ்களை எடுத்துக்கொண்டு போன பியூன் வேறு ஊர் அலுவலகத்திலிருந்து அன்றுதான் மாற்றலாகி வந்தவர். மதியம் மூன்று மணிக்குத் திரும்பிவந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே, கையெழுத்து வாங்கிய தாள்களை இவன் மேசையில் வைத்தார்.

“அடுத்த தெருவுல பாதி வீடு பூட்டிக் கெடக்கு சார், சாயங்காலம் இன்னொரு நடை போகணும். கிடங்குக்குப் பின்னால சந்துலதான் சுலபமா முடிஞ்சுது. பதினோரு வீட்லயும் ஆள் இருந்தாங்க.”

இவன் தாளைப் புரட்டினான். பதினோரு கையெழுத்துகள். மூன்றாவது, அக்காவினுடையது. முதல் எழுத்தைப் பெரிதாகச் சுழித்து, மீதியை அவசரமாக இழுத்துவிடும் அதே கை. மை இன்னும் காயவில்லை.

“அந்த மூணாவது வீட்டம்மா உங்களைத் தெரியும்னாங்க சார்,” என்றார் பியூன், சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு. “நாளைக்குக் கூட்டத்துக்கு எல்லாரும் வந்துடறாங்களாம். அவங்க பாப்பா, தனக்குத் தனியா ஒரு நாற்காலி போடணும்னு சொல்லி அனுப்பிச்சுது.”