படத்தில் இருப்பது நான்

ஆபீஸ் வாசலில் இருந்த முகம் பார்க்கும் வருகைக் கருவி, சௌம்யா முன்னால் போய் நின்றதும் வழக்கமான பச்சை விளக்கைக் காட்டவில்லை. சிவப்பாகச் சிமிட்டி, நீங்கள் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள் என்று இங்கிலீஷில் சொன்னது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றாள். மறுபடியும் அதையே சொன்னது.

"இன்னாமா, இப்பத்தானே உள்ள போன?" என்றார் வாட்ச்மேன் நாகேந்திரன், கையில் பாதி கடித்த கரும்போடு. "சிரிச்சுகினே வேற போன."

"நான் என்னிக்குண்ணா உங்களப் பார்த்துச் சிரிச்சேன்?"

"அதான், அதிசயமா கீதேன்னு நெனச்சேன்."

மாட்டுப் பொங்கலுக்கு இருட்டுவதற்கு முன்பே குடிக்க ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு படி ஏறினாள். அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. எந்நேரமும் தரையை அதிரவைக்கும் லேத்தும் பிரஸ்ஸும் இல்லாததால், எங்கோ கட்டிய ஒலிபெருக்கியின் இரைச்சலும், மூடிய கம்பெனிக்குள் எதற்கோ குரைக்கும் நாயும், அவளுடைய செருப்புச் சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. மற்றவர்கள் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தார்கள். ஆறு மாதமாகியும் வேலை நிரந்தரமாகாதவள் லீவு கேட்க முடியாது. சாயங்கால ஷிப்டுக்கு வந்தாள்.

ஆபரேஷன்ஸ் அறைக் கதவைத் திறந்ததும் வாசனை அடித்தது. வறுத்த மிளகாய். அதற்குள்ளே, சரியாகக் காயாத தலைமுடிக்குப் போட்ட சாம்பிராணி. அவளுடைய நாற்காலி மேஜையிலிருந்து விலகி, வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உட்கார்ந்தவள் சட்டென்று எழுந்தாள்.

இருக்கை சூடாக இருந்தது.

"யாரு?" என்றாள். மேஜைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கழிப்பறைக் கதவை உதைத்துத் திறந்தாள். பயந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும். சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடிவிட்டுத் திரும்பினாள். அப்போதுதான் கன்னம் வலிப்பது தெரிந்தது. கல்யாண மண்டபத்தில் போட்டோவுக்கு வெகுநேரம் நின்றவர்களுக்கு வலிப்பதுபோல.

நேற்றைய வேலை நினைவுக்கு வந்தது. திருமழிசையில் மசாலா அரைத்து விற்கும் பார்த்தசாரதிக்கு டிரேட்மார்க் பதிவுசெய்து தரும் வேலை. வட்டத்துக்குள் ஒரு பெண் முகம். இரண்டு பக்கமும் மூக்குத்தி, அகலப் பொட்டு, உதடு பிரியாத சிரிப்பு. ஒருவருடைய முகத்தை முத்திரையாக வைத்தால் அவருடைய ஒப்புதல் கடிதம் வேண்டும் என்று பதிவகம் கேட்டிருந்தது. நேற்றுதான் கடைசி நாள்.

"யாருன்னே தெரியாதும்மா," என்றிருந்தார் பார்த்தசாரதி. "நூம்பல்ல பழைய ஊடு ஒண்ணு வாங்கினேன். செவுத்துல மாட்டிகினு இருந்துச்சு. லட்சணமா கீதேன்னு பாக்கெட்ல போட்டுட்டேன்."

முதலாளி கங்காதரன் யோசிக்கவே இல்லை. "நீயே கையெழுத்துப் போடு. உன் ஆதார் காப்பிய வை. யார் பார்க்கப் போறா? திங்கக்கிழமை உன் வேலைய கன்ஃபர்ம் பண்றேன்." போகும்போது, அவர் எப்போதும் சொல்வதையும் சொன்னார்: "கொஞ்சம் சிரிச்ச முகமா இரு சௌம்யா. வேலை தானா நிக்கும்."

பல்லைக் கடித்துக்கொண்டுதான் டைப் அடித்தாள். இந்தப் படத்தில் இருப்பது நான். என் முகத்தை முழு மனத்தோடு தருகிறேன். கையெழுத்துப் போட்டாள். பதிவகத்தின் இணையதளத்தில் ஏற்றினாள். அவள் குடும்பத்தில் காலேஜ் முடித்த முதல் கையெழுத்து. ஆவடி குவார்ட்டர்ஸில் நாலு வீடு பெருக்கித் துடைத்து அம்மா வாங்கிக்கொடுத்த கையெழுத்து.

போனை எடுத்தாள். முகத்தைக் காட்டினால் திறக்கும் போன், திறக்கவில்லை. நம்பர் அடித்துத் திறந்து பார்த்தசாரதியைக் கூப்பிட்டாள்.

"சார், அந்தக் கடுதாசிய வாபஸ் வாங்கணும்."

"நானே கூப்பிடலாம்னு இருந்தேம்மா." அவர் குரல் இறங்கியிருந்தது. "காலைல அந்த ஊட்டத் தொறந்தேன். ஃபிரேம் கீது. கண்ணாடி கீது. உள்ள அந்தம்மா இல்ல. வெறும் அட்டதான் கீது. நீ எதுனா..."

கட் செய்தாள். அறைக்குள் சாம்பிராணி வாசனை குறைந்திருந்தது. இருந்த ஆள் கிளம்பிப் போனதுபோல.

எங்கே போயிருக்கும் என்று யோசித்தபோதே கை அம்மாவின் நம்பரை அழுத்தியது. வீட்டில் அவளும் அம்மாவும்தான். இன்று கிளம்பும்போதுகூடச் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"அம்மா, கதவச் சாத்திக்கோ. யாரு வந்தாலும்..."

"யாரு பேசறது?"

"நான்தாம்மா. சௌமி."

"இன்னா விளையாடறியா? எம்பொண்ணு போன் உங்கிட்ட எப்படி வந்துச்சு? அவ இங்க சோறு துன்னுகினு கீறா."

போனில் அம்மாவின் குரலுக்குப் பின்னால் தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

நாகேந்திரனைத் தாண்டி ஓடினாள். "யாரும்மா நீ? எப்ப உள்ள போன?" என்று அவர் கத்தியது காதில் விழுந்தது. ஆவடி பஸ் காலியாக வந்தது. டிக்கெட் கொடுத்த கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்து, தானும் சிரித்தார். "இன்னாக்கா, பொங்கல் ஜோரா?" இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். உதடு பிரியவில்லை. விரலால் கீழ் உதட்டைப் பிடித்து இழுத்தாள். ஒட்டிய தோல் போல இருந்தது. கன்னம் இறங்கவில்லை. கையை எடுக்கும்போது மூக்கில் ஏதோ இடறியது. இரண்டு பக்கமும். அவள் மூக்கே குத்தியதில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில், பருத்திப்பட்டில் இறங்கியபோது ஏரிப்பக்கம் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நடந்தாள். ஓடினாள். தெருவில் கோலப்பொடி கலைந்து கிடந்தது. தெரிந்த நாய் பின்வாங்கியது.

வீடு. ஜன்னல். உள்ளே டியூப்லைட்.

அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, ஒருத்தி. சௌம்யாவின் மஞ்சள் சுடிதார். சௌம்யாவின் பின்னல். சௌம்யாவின் சுருங்கிய புருவம்.

"உப்பே இல்லம்மா. என்னாத்த சமைக்கிற நீ?"

"வாயப் பாரு," என்று சிரித்தாள் அம்மா. "பொறந்ததுலேர்ந்து இதே வாயி." இன்னொரு கரண்டி போட்டாள்.

சௌம்யா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். அம்மா என்று கத்தினாள். மூக்கு வழியாகக் காற்று மட்டும் வந்தது.

அம்மா திரும்பினாள். "யாரும்மா? இன்னா வேணும்?"

கம்பியை உலுக்கினாள்.

அம்மா எழுந்து கிட்டே வந்தாள். மிகக் கிட்டே. அவள் மூச்சில் வெற்றிலை வாசம். மஞ்சள் சுடிதார்க்காரி தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"ஏன் இப்படிச் சிரிக்கிற?" அம்மா ஜன்னல் கதவைப் பிடித்தாள். "ஏய். சிரிக்காத. சொல்றேன்ல, சிரிக்காத!"

ஜன்னல் கதவு முகத்தில் மோதுவதுபோல் வந்து சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே, இருட்டத் தொடங்கிய சந்தில், உயர்ந்து நின்ற கன்னங்களின் மேல் கண்ணீர் வழிந்து, பிரியாத உதட்டின் இரண்டு ஓரங்களிலும் தேங்கியது. சிரிப்பு அசையவில்லை.