உதைகட்டை

மேட்டாங்கரையில் ஒரு கட்டடம் எழும்ப வேண்டுமென்றால் முதலில் பாலர்கூடத்துப் பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டும். மருத்துவமனையானாலும் சரி, மீன் ஏலக்கூடமானாலும் சரி, "கண்ணுகளா, இப்படி ஒண்ணு வேணும்" என்று ஆசிரியை சொல்வார். பிள்ளைகள் உணர்கட்டைகளைத் தரையில் கொட்டிக்கொண்டு உட்காருவார்கள். எந்தக் கட்டை எதன் மேல் ஏறியது, எது எவ்வளவு சுமந்தது, எது ஆடியது என்பதையெல்லாம் அந்தக் கட்டைகளே அளந்து கட்டுமதிக்கு அனுப்பிவிடும்.

கட்டுமதி என்பது ஊரின் கட்டடப் பொறி. பிள்ளைகளின் விளையாட்டைப் பார்த்துத் தானே ஒரு வரைவு போடும். பிறகு தன் ராட்சதக் கையால் கலவையை முறுக்குப் பிழிவதுபோல் பிழிந்து கட்டடத்தை எழுப்பும். எழுப்பிய ஒவ்வொரு சுவருக்குள்ளும், விரிசல் விடும் சத்தத்தைக் கேட்பதற்காக ஒரு செவியையும் புதைத்துவிடும்.

பெரியவர்களின் வரைபடங்களைப் படித்த பொறிகள் பெரியவர்கள் கட்டியதையே திரும்பக் கட்டின. பிள்ளைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. யாருக்கும் தோன்றாததையெல்லாம் அடுக்கிப் பார்ப்பார்கள், அதில் பாதி நிற்கவும் செய்யும். கடல் பழைய ஊரை விழுங்கிய பிறகு, இருந்த கொஞ்சம் சிமெண்டைக் கொண்டு புது ஊரையே கட்டி முடித்தது இந்த விளையாட்டுதான். அதனால் மேட்டாங்கரைக்காரர்களுக்குத் தங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

ஜெசிந்தா அந்த ஊரின் கட்டட ஆய்வாளர். கட்டுமதி கட்டியதைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுப்பதுதான் வேலை. குற்றம் கண்டுபிடிக்கும் பாக்கியம் அவளுக்கு இதுவரை வாய்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் புதிதாக எழும்பியிருந்த புயல் மண்டபத்தைப் பார்க்கப் போனாள். வங்கக்கடலில் ஒரு புயல் உருவாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை கரையேறும் என்றார்கள். ஊர் முழுக்க இந்த ஒரு மண்டபத்துக்குள்தான் ஒதுங்க வேண்டும். வீட்டில் தனியே விட முடியாமல் ஆறு வயது மகள் ரீத்தாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

ரீத்தா மண்டபத்துக்குள் ஓடினாள். பாலர்கூடத்தில் தன் வகுப்பு கட்டியது என்ற உரிமையில் ஒவ்வொரு தூணையும் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவள், கடல் பக்கத்தில் ஒரு குட்டையான தூணருகே நின்றுவிட்டாள்.

"எம்மா, உதைகட்டை இங்க இருக்கு!"

"அது என்னட்டி உதைகட்டை?"

"இத உதைச்சா எல்லாம் விழுந்துரும்லா, அதான்."

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். ரீத்தா சிரிக்கவில்லை. இவ்வளவு படித்த அம்மாவுக்கு இது தெரியவில்லையே என்று பாவமாகப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் உண்டும்மா. ஆஸ்பத்திரியில மாடிப்படிக்குக் கீழ. நம்ம வீட்டுல அடுப்படி மூலையில. அது இல்லாம எப்படி வெளையாடுறது?"

பிள்ளையைச் சமாதானப்படுத்தத்தான் ஜெசிந்தா கைப்பலகையை எடுத்தாள். மண்டபத்தின் வரைவைத் திறந்து, அந்த ஒரு தூணை மட்டும் அழித்தாள். திரையில் கூரை ஒரு பக்கமாகச் சரிந்தது. சரிந்த கூரை அடுத்த தூணைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள, மொத்த மண்டபமும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. மருத்துவமனையைத் திறந்தாள், பள்ளியைத் திறந்தாள், தன் வீட்டையும் திறந்தாள். ரீத்தா சொன்ன இடங்கள் ஒன்றுகூடத் தப்பவில்லை.

கட்டுமதியை உருவாக்கிய சுயம்புலிங்கம் அதே ஊரில்தான் இருந்தார். ஜெசிந்தா மகளைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய் அவர் முன்னால் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கையை அசட்டையாக வீசினார்.

"தனித்தூணப் போயி யாரும்மா உதைக்கப் போறா?"

"அண்ணாச்சி, அந்தத் தூணு கடலப் பாத்து நிக்கி. புயல்ல ஒரு படகு அவுந்து வந்து மோதுனா?"

வீசிய கையை அவர் கீழே இறக்கினார்.

"உங்க பொறி எதுக்கு இப்படிக் கட்டுது? அத மட்டும் சொல்லுங்க."

சுயம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு கட்டடம் எப்ப முடிஞ்சுதுன்னு பொறிக்குத் தெரியணும்லா? சின்னப் பிள்ளைங்க 'முடிச்சாச்சு'ன்னு வந்து சொல்லுமா? அதனால, எல்லாம் சேர்ந்து கை தட்டுனா கட்டடம் முழுசா முடிஞ்சுதுன்னு அர்த்தம், அப்படின்னு வச்சிட்டேன்."

"பிள்ளைங்க எப்ப அண்ணாச்சி கை தட்டும்?"

அவர் வாயைத் திறந்தார். அங்கே கிடந்த கட்டைகளைத் தன்பாட்டுக்கு அடுக்கிக்கொண்டிருந்த ரீத்தா முந்திக்கொண்டாள்.

"விழும்போது."

பாவம் மனிதர், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பொறியின் மேல் குற்றமே இல்லை. ஒரே உதையில் சரியாத கட்டடம் அரைகுறை என்று அதற்கு அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை மாற்ற மாதக்கணக்கில் ஆகும். அந்தத் தூணை மட்டும் கெட்டிப்படுத்திவிடலாம் என்றால், சுமை வேறெந்தத் தூணில் போய் உட்காரும் என்பது கட்டுமதிக்குத்தான் தெரியும். ஆகவே மண்டபத்தைப் பிள்ளைகள் மறுபடி கட்ட வேண்டும், அதுவும் நாளைக்குள்.

திங்கட்கிழமை காலை பாலர்கூடத்தில் ஆசிரியை கண்டிப்பாகச் சொன்னார்: "இன்னைக்கு யாரும் உதைக்கக் கூடாது."

பிள்ளைகளின் முகம் தொங்கிவிட்டது. கட்டைக்கு மேல் கட்டையாகச் சுவர் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவன் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கப் போனான், இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். ரீத்தா தன் கட்டைகளைத் தள்ளிவிட்டு அம்மாவிடம் வந்தாள்.

"உதைச்சுப் பாக்காம எப்படிம்மா தெரியும், நிக்குமான்னு?"

ஜெசிந்தா பொறியியல் கல்லூரியில் வருடக்கணக்காகப் படித்ததும் இதைத்தான். இவ்வளவு சுருக்கமாக யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள்.

"உதைங்கட்டி! நல்லா உதைங்க! ஆனா, விழாம நின்னாத்தான் இன்னைக்கு ஜெயிப்பு."

பெற்றவர்களையெல்லாம் வரச்சொல்லிச் சுற்றி உட்கார வைத்தாள். பிள்ளைகள் கட்டினார்கள், உதைத்தார்கள். விழுந்தது. வழக்கம்போல் தட்டப் போன குட்டிக் கைகளைப் பெற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் மறுபடி கட்டினார்கள். நேராக நிற்கும் கட்டைகளுக்கு நடுவே சாய்வாக ஒன்றைச் செருகினால் ஆட்டம் குறைகிறது என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். ரீத்தா ஒரு காலை உருவிப் பார்த்துவிட்டு, "பக்கத்துக் கட்டையும் கை குடுக்கணும்" என்று இரண்டு கால்களுக்கும் மேலே குறுக்குக்கட்டை வைத்தாள். மதியத்துக்குள் ஓங்கி விட்ட உதையில் ஒரு கட்டை மட்டும் பறந்தது. கூரை அசையவில்லை. பெரியவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். யார் தட்டினாலும் கட்டுமதிக்கு ஒன்றுதான். பழைய தூண்களுக்கு நடுவே புதுத் தூண்களைப் பிழிய, அதன் ராட்சதக் கை மண்டபத்தை நோக்கி நகர்ந்தது.

செவ்வாய்க்கிழமை பகலில் புயல் வந்தது. ஊர் முழுவதும் மண்டபத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. கலவை ஈரம் காயாத புதுத் தூண்களின் கீழே ஜெசிந்தா ரீத்தாவை மடியில் இறுக்கிக்கொண்டாள். அலைதடுப்புச் சுவரையும் தாண்டி அலை உள்ளே வந்தது. அதோடு ஒரு விசைப்படகும் அவிழ்ந்து வந்து, அந்தக் குட்டைத் தூணின் மேலேயே மோதியது. தூண் நொறுங்கிப் போயிற்று. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

கூரை ஒரு முறை முனகியது. பக்கத்துத் தூண்கள் கை கொடுத்தன. மண்டபம் நின்றது.

யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை, ஒருவர் கை தட்டினார். பிறகு மொத்த ஊரும் தட்டியது. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கை சிவக்கச் சிவக்கத் தட்டினார்கள். வெளியே அடித்த காற்றின் இரைச்சலே அதில் அமுங்கிவிட்டது. சுவர்களுக்குள் புதைந்திருந்த செவிகள் படகு மோதியதையும் இந்தக் கைதட்டலையும் சேர்த்தே கேட்டன. ஜெசிந்தா எல்லோரையும்விட ஓங்கித் தட்டினாள். அவள் ஆயுளில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அறிந்ததில்லை.

புயல் ஓய்ந்தபின் வீடுகளையும் மருத்துவமனையையும் இதே முறையில் ஒவ்வொன்றாகக் கெட்டிப்படுத்தினார்கள். சேதமான பள்ளிக்கூடத்தை மட்டும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. பிள்ளைகள் விளையாடினார்கள், பெரியவர்கள் சரியான இடத்தில் கை தட்டினார்கள். கட்டுமதி வரைவை அனுப்பியது. ஜெசிந்தா ஒவ்வொரு தூணாக அழித்துப் பார்த்தாள். எதை அழித்தாலும் பள்ளிக்கூடம் நின்றது. நிம்மதியாக ஒப்புதல் கொடுக்கப் போன நேரத்தில் அவள் கண்ணில் ஏதோ இடறியது.

பள்ளியின் கடல் பக்கத்தில் அலைதடுப்புச் சுவரைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாய்க்கால் இருந்தது. கடலோரத்தில் அகலமாகத் தொடங்கி, போகப்போகக் குறுகி, வகுப்பறையின் முன்தூணில் நேராக வந்து முடிந்தது.

"இது என்னத்துக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

ரீத்தா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது.

"படகு வர்ற வழிம்மா."

"பள்ளிக்கூடத்துக்குள்ள எதுக்குட்டி படகு வரணும்?"

"வந்து மோதுனாத்தானம்மா கட்டி முடிஞ்சதா அர்த்தம்?" என்றாள் ரீத்தா. "அன்னைக்கு நீங்க எல்லாரும்தான கை தட்டுனீங்க."