அண்ணன் பெயருக்குக் கெடு இல்லை

புயல் எச்சரிக்கையால் அன்று ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. அப்படியிருக்க, பேக்கப் கோப்பு மட்டும் நேற்றைவிடப் பெரிதாக வந்திருந்தது. ஜெயப்பிரியா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பெரிதுதான்.

பாகூரில், மீன் வியாபாரிகள் வைத்திருந்த ஒரு மாடியறையில், படகுகள் அனுப்பும் சிக்னலைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எந்தப் படகு எங்கே நிற்கிறது என்ற விவரமெல்லாம் கன்டெய்னர் என்கிற ஒரு மென்பொருள் பெட்டிக்குள், கணினியின் மெமரியில் மட்டும் இருந்தது. நிறுத்தினால் போச்சு, அதனால்தான் மாலைதோறும் பேக்கப். ஓட்டுகிறவரின் பெயரில்தான் ஒவ்வொரு படகும் பதிவாகியிருக்கும். சிக்னல் நின்ற படகின் பெயர், ஒரு நாள் கெடு முடிந்ததும் தானாக அழிந்துவிடும். ஐப்பசியில் கடலோடு போன அண்ணன் அரசுவின் பெயருக்கு மட்டும் அவள் அந்தக் கெடுவை எடுத்துவிட்டாள். மனசு கேட்கவில்லை, பாவம். உடம்புகூடக் கிடைக்காதவனுக்குத் திரையில் ஒரு புள்ளியாவது மிஞ்சட்டுமே! பனித்திட்டில் தனியாக இருக்கும் அம்மா கமலவேணியும் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் போன் செய்து, "அண்ணன் எங்கடி கீறான்?" என்று கேட்பாள். "அங்கியேதாம்மா" என்று இவள் சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைப்பாள்.

வெளியே மழை தகரத்தை அறைய, யூபிஎஸ் விட்டுவிட்டுக் கத்த, கீழிருந்து கருவாட்டு வாடையும் ஈரச்சாக்கு வாடையும் படியேறி வர, ஜெயப்பிரியா ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்து அரசுவின் பெயரில் நின்றாள். சிக்னல் வந்துகொண்டிருந்தது. புள்ளி கடலில் இல்லை. கரையில் இருந்தது.

மறுபடி தட்டினாள். பனித்திட்டுத் தெரு.

இன்னொரு தடவை. அவர்கள் வீட்டு வாசல்.

ஐயோ! அழிக்க மனம் வரவில்லை. கன்டெய்னரை மட்டும் நிறுத்தினாள். திரை வெறுமையானது. அதே நேரம் யூபிஎஸ்ஸும் கைவிட, மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. கணினி தானே எழுந்தது. கூடவே கன்டெய்னரும், சற்றுமுன் அவள் எடுத்த பேக்கப்பிலிருந்து எல்லாப் பெயரையும் ஏற்றிக்கொண்டு.

போன் அடித்தது.

"ஜெயா, அண்ணன் வந்துட்டான்டி!" அம்மாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "தலைய தொவட்டிக்கினே கீறேன். தண்ணி நிக்கவே மாட்டேங்குது."

"ம்மா, அவனத் தொடாத! வூட்ட வுட்டு ஓடிடும்மா!"

"இன்னாடி பேசற? நாங்க கெளம்பிட்டோம். அங்க தனியா இருக்க அவனுக்கு பயமா இருக்குதாம்."

அரசுவின் பெயரை அழித்தாள். வந்தது. அழித்தாள். திரும்ப வந்தது. அதன் கீழே புதிதாக ஒரு பெயர். கமலவேணி. அதற்கும் கெடு இல்லை.

இரண்டு புள்ளிகள். ஒட்டினாற்போல. கரையைத் தாண்டின. அலையைத் தாண்டின.

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. வாய் நிறையத் தண்ணீரோடு, அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.