பூஜ்யத்தில் நின்ற வால்யூம்

கிடார் வயரைப் பிடுங்கிய பிறகும் ஆம்ப், அந்த ஒலிபெருக்கிப் பெட்டி, இரைந்துகொண்டே இருந்தது. வால்யூம் திருகு பூஜ்யத்தில் நிற்கிறது, சொருகியிருக்க ஒன்றுமே இல்லை, ஆனாலும் மீன்கடை மூடிய பிறகும் வாசலை விட்டுப் போகாத ஈக்கூட்டம் மாதிரி ஒரு 'ம்ம்ம்' துணி மூடிய ஸ்பீக்கருக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

சுபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆம்ப் அவளுடையது, கல்யாணத்துக்கு முன்பே அவள் சம்பளத்தில் வாங்கியது. கைநீட்டுகிற புருஷன் செந்திலைப் போன தீபாவளிக்கு முன்னால் வீட்டை விட்டுத் துரத்தியபோது, அவன் போகிற போக்கில் தூக்கிக்கொண்டு போனது இதைத்தான். மலேசியாவில், கிள்ளான் நகரத்து அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வீடு. கிரில் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டாள், போலீசில் எழுதிக் கொடுத்தாள். அவன் இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது. உலகத்தில் அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆம்ப்பைக் கேட்டுக் கேட்டு அவள் வாய் ஓய்ந்த பிறகு, இன்று மத்தியானம்தான் அவன் தங்கை வாணி கொண்டுவந்து வாசலில் இறக்கினாள். உள்ளே வரவில்லை. அண்ணன் கிடாரே சொருகாமல் இதன் முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். "இது எங்க வீட்டுல வேணாம்லா, அண்ணி," என்று சொல்லிவிட்டு, படியிறங்கிய வேகத்தில் செருப்பு கழன்றதைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் வாசிக்க வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வந்தது. பிரிட்ஜோடு ஒரே சுவிட்சில் இருந்தால் இரையும் என்று பிளக்கை அடுத்த சுவருக்கு மாற்றினாள். வயரை மாற்றினாள். போன் சார்ஜரைக்கூடப் பிடுங்கினாள். ஒவ்வொன்றுக்கும் செந்திலின் பரம்பரையை ஒரு தலைமுறை பின்னோக்கித் திட்டிக்கொண்டே பின்பலகையைக் கழற்றினாள். வெந்த தூசியின் வாடை, அதற்கடியில் அவன் சிகரெட் வாடை, அதற்கும் அடியில் யாரோ வெகுநேரம் வாயைத் திறந்து வைத்திருந்தது போன்ற ஒரு ஈரவாடை. உள்ளே கண்ணாடி டியூப்கள் ஆரஞ்சாய் எரிந்தன. பழசான டியூப் தானே மைக் ஆகிவிடும். அறையில் இருக்கிற சத்தத்தை உறிஞ்சி ஸ்பீக்கரில் கக்கும். எது கெட்டது என்று அறிய மரக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். மீ நூடுல்ஸ் பொட்டலத்தோடு வந்த சாப்ஸ்டிக் அடுப்படியில் கிடந்தது.

முதல் டியூப். டக். இரண்டாவது. டக். மூன்றாவது டிங்ங் என்றது, ஸ்பீக்கர் அதிர்ந்தது. பூஜ்யத்தில் அதிரக் கூடாது.

குச்சியைக் கீழே வைத்தாள்.

டிங்ங். இந்த முறை கண்ணாடியின் உட்பக்கத்திலிருந்து.

ஒட்டுக்கேட்க என்னத்தையோ உள்ளே வைத்திருக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பயம் வரவேண்டிய இடத்தில் ஆத்திரம் வந்தது. போனை ஆம்ப் தலையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவனைக் கூப்பிட்டு, பாசாரில் மீன் வெட்டுகிறவளே நின்று பாடம் கற்றுக்கொள்கிற மாதிரி கிழித்தாள். கத்தக் கத்தத் தொண்டை வறண்டது. இரைச்சல் மட்டும் கொழுத்துக்கொண்டே வந்தது.

"சரி, அழாத," என்றான் செந்தில் மறுமுனையில். "வரேன்."

அவள் அழவில்லை.

"யாருடா அழுதா? வந்து பாரு, காலை உடைக்கிறேன்." பாதி வார்த்தை காற்றாகத்தான் போயிற்று.

"முதல்ல திட்டுற. பின்னாலேயே அழுதுக்கிட்டு 'வாங்க'ன்னு கூப்பிடுற. எனக்கு ரெண்டும் கேட்குது, சுபா. வாணியை ஏத்திக்கிட்டு வந்ததே நான்தான். அவளை அனுப்பிட்டு, கீழ காடியிலதான் உட்கார்ந்திருக்கேன்."

போனை வெட்டினாள். சுவிட்சை அணைத்தாள். பிளக்கையும் பிடுங்கினாள்.

இரைச்சல் நின்றது. ஆரஞ்சு அணையவில்லை. மூன்று முள் பிளக் கையில் இருக்கிறது, டியூப்கள் இன்னும் பிரகாசமாகின்றன.

"வாங்க," என்றது ஸ்பீக்கர்.

அவள் குரல். கல்யாணமான புதிதில் அவளுக்கு இருந்த குரல்.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

திருப்புளியை எடுத்து மூன்றாவது டியூப்பை உடைத்தாள். சில்லு சிதறியது. கையில் ரத்தம். குரல் இன்னும் தெளிவானது.

அவசர எண்ணை அழுத்தினாள். யாரோ மலாயில் என்ன விஷயம் என்று கேட்டார்கள். அவள் உதடு அசைந்தது. "தாக் அப்பா, என்சிக்," ஒன்றுமில்லை ஐயா என்று, மலாயிலேயே பணிவாகச் சொன்னது ஸ்பீக்கர். குழந்தை தெரியாமல் அழுத்திவிட்டதாம். அவளுக்குக் குழந்தையே இல்லை. லைன் போயிற்று.

படியில் காலடி.

முதலில் ஸ்பீக்கரில் கேட்டது. அப்புறம்தான் படியில்.

மரக்கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். கதவுக்கு வெளியே கிரில். கிரிலுக்கு வெளியே அவன். குலுக்கினான்.

"சுபா. பூட்டியிருக்கே."

கதவை உள்ளிருந்து குத்தினாள். வேண்டாம் என்று குத்தினாள். போ என்று குத்தினாள். வெளியே அவன் சிரித்தான். அவசரப்படாதே என்றான்.

"உடைச்சுட்டு வாங்க," என்றது அவள் குரல். "நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இரும்பு இரும்பில் விழுந்தது. ஸ்பீக்கரில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை.

சுபா வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. அறையில் மழைச்சத்தம் மட்டும். எதிரே, ஸ்பீக்கரை மூடிய துணி அவள் நெஞ்சோடு சேர்ந்து ஏறியது, இறங்கியது, ஏறியது.

"இன்னொரு அடி," என்றது கொஞ்சலாக. "பலமா."